ஈஸ்ட்டு அண்டாவைத் திறந்த மத்தியானம்

தொழிற்சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்து, புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் மேடையேறி ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதில் மைக்கைப் பிடி என்றால் அவ்வளவுதான். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். பிழை இருந்தால் படிக்கிற பிள்ளை திருத்திக்கொள்ளட்டும்.

பிள்ளைகளே, உங்கள் தொட்டிகளை ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். எல்லாம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் முள் ஆடுகிற கருவி என்னென்னவோ மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு மத்தியானம். அதைத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ரயில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் கம்பெனி இருந்தது. நான் ராயபுரத்திலிருந்து பாதி நடந்தும் பாதி பஸ்ஸிலுமாகப் போவேன். ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிச்சம் நிற்கிற கறுப்புப் பாகு ரயிலில் டாங்கு டாங்காக வந்து இறங்கும். மொலாசு என்போம். அதில் தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைக் கலந்து, பெரிய தொட்டியில் ஊறல் போடுவார்கள். ஊறல் பொங்கி அடங்கியதும் பக்கத்துக் கொட்டகையில் காய்ச்சி ஸ்பிரிட்டு இறக்குவார்கள். அந்த ஸ்பிரிட்டைப் பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்டினார்கள். உலக யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, அப்படியும் பெட்ரோல் இஷ்டத்துக்குக் கிடைக்காத காலம் அது.

மதுவிலக்கும் வந்திருந்தது. அதனால் தெருவில் எங்களுக்கு 'சாராய பாக்டரிக்காரிங்க' என்று பெயர். கேட்டில் எக்சைஸ் சிப்பாய் ஒருவன் நிற்பான். சாயங்காலம் வெளியே போகிற ஆம்பிளைகளை நிறுத்தி, "வாயை ஊது" என்பான். பெண்களிடம் அப்படிக் கேட்க அவனுக்கு வெட்கம். முந்தானையில் ஸ்பிரிட்டை நனைத்து எடுத்துப் போகிறோமா என்று உதறிக் காட்டச் சொல்வான்.

"இன்னா நைனா, என் முந்தானையப் புழிஞ்சு லாரி ஓட்டப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள். சிப்பாயே சிரித்துவிட்டான்.

அவள்தான் கோவிந்தம்மா. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி. தொட்டி கழுவுகிற வேலை அவளுக்கு. அவள் புருஷன் ஆறுமுகமும் எங்கள் கொட்டகையிலேயே கூலி. ரெண்டு பேரும் காலையில் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள், சாயங்காலம் அதே சண்டையைத் தொடர்ந்துகொண்டே போவார்கள். ஒருநாள் சண்டை இல்லாமல் வந்தால் நாங்கள் உடம்புக்கு என்ன என்று விசாரிப்போம்.

எனக்கு ஈஸ்ட்டு ரூமில் வேலை. கெமிஸ்ட்டு ஐயா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. அவர்தான் என்னை அங்கே போட்டார். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பேசினால் எச்சில் தெறிக்கும், இந்தப் பெண் வாயே திறக்காது, இதுதான் சரி என்று மேஸ்திரியிடம் சொன்னாராம். பேசத் தெரியாததற்காக ஒரு வேலை கிடைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

"ஈஸ்ட்டுங்கறது காளான் ஜாதிம்மா. மழைக்கு முளைக்குதே, அதுக்குப் பங்காளி. இது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சர்க்கரையைத் தின்னும், ஸ்பிரிட்டைக் குடுக்கும், ஒரு காத்தை வெளிய விடும்" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல மாவு அரைச்சுப் புளிக்க வைக்கறது உண்டா?"

"ஞாயித்துக்கிழமை ஆப்பத்துக்கு, ஐயா."

"அப்ப திங்கட்கிழமை தலைக்குக் குளிச்சு, துவைச்ச சேலை கட்டி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும். மாவுல இருக்கற புளிப்பு இதுல ஒட்டிச்சுன்னா போச்சு."

அப்படியே செய்தேன். வாயில் துணி கட்டிக்கொள்வேன். ரூமில் ஆள் உயரத்துக்கு ரெண்டு செம்பு அண்டா. ஒன்றில் ஈஸ்ட்டு வளரும்போது இன்னொன்றைக் கழுவி வைத்திருப்போம். வளருகிற ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும். எஞ்சின் கொட்டகையிலிருந்து காத்துப் பம்பு ஊதும். அது நீளமான ரப்பர் குழாய் வழியாக வந்து அண்டாவுக்குள் இறங்கும். நுனியில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு செம்புக் குழாய். இந்தக் குழாய் ஒன்றுதான், ரெண்டு அண்டாவுக்கும் மாற்றி மாற்றிப் போடுவோம்.

அண்டா மூடியைக் கெமிஸ்ட்டு ஐயா இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. நான் சேருவதற்கு முன்னால் ஒருதரம் ஈஸ்ட்டு புளித்துப் போயிருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிற கொஞ்சூண்டு விதையிலிருந்து மறுபடி வளர்த்தெடுக்கிற வரைக்கும் கொட்டகையில் வேலை கிடையாது. தினக்கூலிகள் எல்லோரையும் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதனால் அந்த மூடியின் மேல் எல்லோருக்குமே பயம். ஈ உட்கார்ந்தால்கூட என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊறல் கொட்டகை. அதற்கு மேஸ்திரி காதர் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். இரும்புத் தொட்டிகள் ஒவ்வொன்றும் ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். மேலே ஏறி நிற்கப் பலகை மேடை. ஊறலை இறக்கிய பிறகு தொட்டியின் அடியில் கசண்டு தங்கும், சேறு மாதிரி. ஏணி வழியாக உள்ளே இறங்கி அதை வாரி பக்கெட்டில் போட்டால், மேலே நிற்கிற ஆள் கயிறு கட்டித் தூக்கிவிடுவான். அப்புறம் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஈஸ்ட்டு வெளியே விடுகிற காற்று இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அதற்கு வாசனை கிடையாது. சாதாரணக் காற்றைவிட கனம். தண்ணீர் மாதிரி தொட்டிக்கு அடியில் தேங்கி நிற்கும். நின்றிருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது, குனிந்தவன் சுருண்டு விழுவான். இதை எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். அதனால் ஆள் இறங்குவதற்கு முன்னால் காதர் பாய் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டி, அடி வரைக்கும் இறக்குவார். அணைந்தால் காத்திருக்க வேண்டும். அணையாமல் எரிந்தால், "பிஸ்மில்லா, எறங்கு" என்பார்.

ஆனால் விளக்கை அங்கேயே விட்டு வைக்க மாட்டார்கள். பக்கத்துக் கொட்டகையில் ஸ்பிரிட்டு இறங்குகிறது. நெருப்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது என்று உத்தரவு. சோதித்த கையோடு விளக்கை அணைத்து வெளியே கொண்டுபோய்விடுவார்கள். ரெண்டு ஆபத்துக்கும் ரெண்டு சட்டம். ரெண்டும் சரியான சட்டம்தான். ரெண்டுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டுப் போயிருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று மொலாசு ரயில் வரவில்லை. பாகு இல்லாததால் தொட்டியைக் கழுவ அவசரமில்லை என்று ஒரு தொட்டியை அப்படியே போட்டிருந்தார்கள். கசண்டு அடியில் கிடந்து தடித்துப்போயிருந்தது. மழை கொஞ்சம் குறைந்து ரயில் வந்தது. வந்ததும், உடனே கழுவு, உடனே ஊறல் போடு என்று ஆபீசிலிருந்து நெருக்கினார்கள். கெமிஸ்ட்டு ஐயா பாகைப் பார்க்க ரயிலடிக்குப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. காதர் பாய் விளக்கை இறக்கினார். நன்றாக எரிந்தது. கோவிந்தம்மா இறங்கினாள். அவளோடு கூட இறங்குகிற பெண் அன்றைக்கு வரவில்லை, அவள் மட்டும்தான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறுமுகம் நின்றான். காதர் பாய் கொட்டகையின் மறுகோடிக்குப் போனார்.

சண்டை ஆரம்பித்தது. தொட்டிக்குள்ளிருந்து பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி முழங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"யோவ், கொடைய யாரக் கேட்டுய்யா குட்த்த?"

"என் தங்கச்சிக்குத்தான குட்த்தேன். ஊருக்கா தூக்கிக் குட்த்தேன்?"

"உன் தங்கச்சிக்குப் புருசன் இல்ல? அவன் வாங்கித் தர மாட்டானா? நான் எண்ணூர்லேருந்து நனைஞ்சுகினு வரணும், அவ மவராணி மாரி கொட புட்ச்சிகினு மார்க்கெட்டுக்குப் போவணும்!"

"ஒரு நாளைக்குத்தான்டி."

"மழயும் இன்னிக்கித்தான்யா பேயுது! வெய்யக் காலத்துல குடுக்கறது, உன்ன யாரு கேட்டா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கெட்டு மேலே வந்தது, கீழே போனது. நாரால் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஆறுமுகம் ஏதோ சமாதானம் சொன்னான். அதற்குப் பதில் வரவில்லை.

"இன்னா, பேச்சக் காணோம்? கோவமா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரி, கோச்சிக்கோ. உனக்கு ரொம்ப நேரம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தானாம். கொஞ்ச நேரம் நிம்மதி என்று நினைத்திருக்கிறான். பிள்ளைகளே, அவனைக் குறை சொல்லாதீர்கள். அவள் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் அவனுக்கு அர்த்தம். அது ஆபத்தாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

கயிற்றை ஆட்டிப் பார்த்தான். "ரொம்பிச்சா? தூக்கவா?" தூக்கினான். பக்கெட்டு காலியாக வந்தது. அப்போதுதான் எட்டிப் பார்த்தான்.

அவன் போட்ட சத்தத்தில் நான் சுவரோரம் ஓடி வந்தேன். அதற்குள் ஆறுமுகம் ஏணியில் கால் வைத்துவிட்டான். காதர் பாய் எங்கிருந்து வந்தாரோ, மேடையில் தாவி ஏறி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வுடு பாய்! உள்ள என் பொண்டாட்டி கீறா!"

"தெரியும்டா! நீ பூந்தா ரெண்டு பொணம்டா! நில்லுடா!"

ஆறுமுகம் முழங்கையால் அவர் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, பாய் பிடியை விடவில்லை. இன்னும் ரெண்டு பேர் வந்து அவனைப் பிடித்தார்கள். ஒருத்தன் விளக்கை ஏற்றிக்கொண்டு ஓடி வந்து இறக்கினான். பாதி ஆழம் போவதற்குள் பட்டென்று அணைந்தது.

என்ன நடந்தது என்று பிற்பாடு கெமிஸ்ட்டு ஐயா விளக்கினார். தடித்துப்போன கசண்டுக்குள் காற்று அடைபட்டுக் கிடந்திருக்கிறது. மேலே தெளிவாக இருந்ததால் விளக்கு எரிந்தது. அவள் வாரவும் தேய்க்கவும் ஆரம்பித்ததும் அடைபட்டது எல்லாம் வெளியே வந்து அவள் முழங்காலுக்கு, இடுப்புக்கு என்று ஏறியிருக்கிறது. அவள் குனிந்தே வேலை பார்த்தாள். விளக்கு சொன்னது விளக்கு இறங்கிய நேரத்துச் சேதி. அதற்கு அடுத்த நிமிஷத்துக்கு அது பொறுப்பில்லை. நாங்கள் எல்லோரும் அதைச் சாயங்காலம் வரைக்கும் செல்லுகிற சீட்டாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கத்துகிறார்கள். கயிறு போடு என்கிறான் ஒருவன். மயங்கிக் கிடக்கிறவள் எப்படிக் கயிற்றைப் பிடிப்பாள்? தண்ணீரை ஊற்று என்கிறான் இன்னொருவன். முகம் கீழே கிடக்கிறது, மூழ்கிப் போவாள். எனக்குப் பின்னால் அண்டாவுக்குள் பம்பு குபுகுபுவென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நாளெல்லாம் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அது காதில் விழுந்ததும், அவளுக்கு வேண்டியது இதுதானே என்று தோன்றியது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அண்டாவில் ஈஸ்ட்டு பொங்கி நல்ல பருவத்தில் இருந்தது. அன்று சாயங்காலம் ஊறலுக்குப் போக வேண்டியது. மூடியைத் தூக்கித் தரையில் சாய்த்தேன். செம்புக் குழாயை வெளியே இழுத்தேன். என் முகத்திலும் சேலையிலும் நுரை தெறித்தது. ரப்பர் குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு மேலே போட்டு, நானும் ஏறிக் குதித்து, மேடைக்கு ஓடினேன். குழாய் கடைசிவரைக்கும் இழுபட்டு ஒருவழியாக எட்டியது.

காதர் பாய் என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"மூடியத் தொறந்துட்டியாம்மா?"

"தொறந்துட்டேன், பாய்."

அவ்வளவுதான். குழாயைப் பிடுங்கி, ஊறலின் நுரையைத் தள்ள மேடையில் வைத்திருந்த மூங்கிலின் நுனியில் கட்டி, தொட்டிக்குள் இறக்கினார். தொட்டி முழுவதும் காற்று நிரம்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மூங்கிலைத் திருப்பித் திருப்பி அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். அவள் தலைமுடி காற்றில் பறந்தது. உடம்பு அசையவில்லை, முடி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

ஆறுமுகம் மறுபடியும் திமிறினான். அப்போது நான் பேசினேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "அண்ணே, இப்ப எறங்கினா குனிவீங்க. குனிஞ்சா வுழுவீங்க. அப்புறம் அவள யாரு மேல அனுப்பறது? வெளக்கு எரியட்டும், நீங்கதான் எறங்கணும்."

நீங்கதான் எறங்கணும் என்று சொன்னதும் அவன் திமிறுவதை நிறுத்தினான். இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒரு மனுஷனைத் தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும். வெறுமனே பிடித்து வைத்தால் பிடி நழுவுகிறவரைக்கும்தான்.

விளக்கை இறக்கினார்கள். அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினார்கள், இன்னும் கொஞ்சம் கீழே போய் அணைந்தது. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைப் போல ஒரு நேரத்தை நான் பிறகு பார்த்ததில்லை. ஒரு பெண் உள்ளே கிடக்கிறாள், கை கால் நன்றாக இருக்கிற ஆம்பிளைகள் சுற்றி நின்றுகொண்டு ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எங்களைப் போல நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் கிடையாது என்று தோன்றியிருக்கும். "இன்னும் இன்னாய்யா வேடிக்க பாக்கறீங்க? எறங்குங்கய்யா!" என்று வாசலில் நின்ற பெண்கள் கத்தினார்கள். காதர் பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் விளக்கு, கீழே கிடந்த அவள் தோளுக்குப் பக்கம் வரைக்கும் போயும் எரிந்துகொண்டே இருந்தது. பாய் ஆறுமுகத்தின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்.

"கேளுடா. குனியாத, குந்து. மூஞ்சி கொழாய்கிட்டயே இருக்கட்டும். அவள தூக்கப் பாக்காத. கயித்த அக்குள்ல மாட்டு, அவ்ளோதான். பேசாத. போ."

அவன் இறங்கினான். சொன்னபடியே செய்தான். முதல் முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடி போட்டான். மேலே எல்லோருமாக இழுத்தோம். கோவிந்தம்மா நல்ல கனம். தொட்டி விளிம்பில் இடித்து, சேலை கிழிந்து, கசண்டு வழிய மேலே வந்தாள். அவனும் ஏணியில் பாதி ஏறியதும் கண் செருகிச் சாய்ந்தான். இடுப்பில் கயிறு இருந்ததால் அவனையும் இழுத்துப் போட்டோம்.

அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. காதர் பாய் அவளை ஒருக்களித்துப் போட்டு, வாயிலிருந்த சேற்றை விரல் விட்டு எடுத்தார். நான் குழாயை அவள் முகத்துக்குப் பிடித்தேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. ஆறுமுகம் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "கொட வாங்கித் தரேன்டி, புதுக் கொட வாங்கித் தரேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. மூச்சு.

மொலாசு பீப்பாய் ஏற்றுகிற மாட்டுவண்டியில் வைக்கோலைப் போட்டு ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டி கேட்டைத் தாண்டியதும் காதர் பாய் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பீடி பற்ற வைக்க வேண்டும்போல இருந்தது, அங்கே பற்ற வைக்க முடியாது. பீடியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

கெமிஸ்ட்டு ஐயா ரயிலடியிலிருந்து ஓடி வந்தார். தரையில் கிடந்த குழாயைப் பார்த்தார், ஈஸ்ட்டு ரூமுக்குள் போனார். அண்டா திறந்து கிடந்தது. அந்த அமளியில் சேற்றுக் காலோடு எத்தனையோ பேர் உள்ளே வந்து போயிருக்கிறார்கள்.

"மூடியைப் போட்டுட்டு வந்திருக்கலாமேம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"தோணல, ஐயா."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தரையில் கிடந்த மூடியைக் கழுவி அண்டாவில் வைத்தார். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் அண்டாவைத் திறந்ததும் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பழைய மோர் நாற்றம். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே மடையைத் திறந்து சாக்கடையில் விட்டார். கேட்டில் தினக்கூலிகளை நிறுத்தினார்கள். வேலை இல்லை, சொல்லி அனுப்புகிறோம், போங்கள்.

முதல் நாள் கயிறு இழுத்தவர்களே திட்ட ஆரம்பித்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "மயக்கம் போட்டவள வெளிய இழுத்துப் போட்டா தன்னால எழுந்துருப்பா. இவ அண்டாவத் தொறந்து எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டா." அவள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தன. நீங்கள் சரியான காரியத்தைச் செய்த மறுநாளே மாலை போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுப்பு எரியாத வீட்டில் இருக்கிறவர்களுக்கு நியாயம் பேச நேரமிருக்காது. அவர்கள் பேசுவதை மனசில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஆபீசில் முதலில் வந்த யோசனை, இனிமேல் தொட்டிக்குள் பெண்களை இறக்க வேண்டாம், எல்லோரையும் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்பது. அவர்களுக்கு அது சுலபம். காதர் பாய் கிழிந்த உதட்டோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றார். "காத்து பொம்பள ஆம்பளன்னு பாத்தா புடிக்குது, சார்? ஆம்பள எறங்கினா மட்டும் அது வுட்டுருமா?" என்று கேட்டாராம். கெமிஸ்ட்டு ஐயா உள்ளே போய் ரொம்ப நேரம் பேசினார். கடைசியில் ஊறல் கொட்டகைக்கென்று தனியாக இன்னொரு ரப்பர் குழாய் வந்தது. ஆள் உள்ளே இருக்கிறவரைக்கும் அது தொட்டிக்குள் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குகிற எவரும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது. மேலே நிற்கிறவன் கூப்பிட்டால் கீழே இருக்கிறவள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் காரணம் கேட்காமல் இழுக்க வேண்டும்.

என்னிடம் எல்லோரும் அன்றைக்கு நல்ல முடிவு எடுத்தாய் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. அந்த ரெண்டாவது குழாய் முதல் நாளிலிருந்தே அங்கே தொங்கியிருந்தால் நான் எந்த முடிவும் எடுத்திருக்க வேண்டாம். அவசர நேரத்தில் ஒருத்தி இதுவா அதுவா என்று நின்று யோசிக்கிற மாதிரி ஒரு வேலையிடத்தை வைத்திருக்கக் கூடாது. உங்கள் இடத்தில் அப்படி எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே, ஒன்றும் நடக்காத நாளில், வாய் திறந்து சொல்லுங்கள். என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

குப்பி விதையிலிருந்து ஈஸ்ட்டு மறுபடி வளர்ந்தது. முதலில் சின்னப் பாத்திரம், அப்புறம் பெரிய பாத்திரம், அப்புறம் அண்டா. அது நுரை கட்டிப் பொங்கின அன்றைக்குக் கூலிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கோவிந்தம்மாவும் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஏணி ஏறினால் மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச நாள் படுத்திருயேன் என்று காதர் பாய் சொன்னதற்கு, "வூட்ல படுத்துகினு இந்தாளு மூஞ்சியே பாத்துகினு இருக்கவா?" என்றாளாம்.

தொட்டிக்குப் போவதற்கு முன்னால் ஈஸ்ட்டு ரூம் வாசலுக்கு வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஏ ரோசம்மா, எனக்கோசரம் கெட்டுப் போச்சே, அது இன்னான்னு நான் பாத்ததே இல்லடி. காட்டு."

கெமிஸ்ட்டு ஐயா அங்கேதான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அவள் தானாகவே முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கினேன். அவள் எக்கிப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் நுரை மெல்ல ஏறி, வெடித்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

"இதுவா? கழனித் தண்ணி மாரி கீது" என்றாள். "இதுக்கா அவ்ளோ பேச்சுப் பேசினாளுங்க?"

"இதுலதான் எல்லாருக்கும் சோறு" என்றேன்.

அவள் நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. அப்புறம் சட்டென்று என் கையைத் தட்டினாள்.

"மூடுடி, மூடு. இந்தத் தடவயும் கெட்டுப் போனா எவ எவ வூட்டு வாசல்ல நான் திட்டு வாங்கறது?"

மூடினேன். அவள் வெளியே போய் இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொல்லி ஆறுமுகத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.